ரெண்டரை இஞ்சு எல்போ

பதினோராம் நம்பர் தொட்டியில்
மூலையைத் தோண்டிக்கொண்டிருக்கிறது வெள்ளெலி.
மூலையில் இருப்பது கண்ணாடி.

ராத்திரி பத்திலிருந்து நாலு வரை
தோண்டுகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும்
ஒரு கோடு போடுவது என் வேலை.
முன்னங்கால்கள் கண்ணாடியை வழிக்கும் சத்தம்
ஈரப்பெட்டியில் தீக்குச்சி உரசுவது போல.
பற்றாது. விடவும் விடாது.

காங்கேயத்துக்குக் கிழக்கே
கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் பிடித்தவை.
கொழுக்கட்டைப்புல் காய்ந்து சலசலத்த மாசியில்
வளைக்கு ஒரு கூண்டு வைத்து
பதினெட்டு உருப்படி.
உருப்படி என்றுதான் வவுச்சரில் எழுதவேண்டும்.

மண் இல்லாததுதான் குறை என்றார் நிலோஃபர் மேடம்.
அதே காட்டுச் செம்மண்ணை
மூன்று சிமெண்ட் சாக்கில் கட்டி
பல்லடம் பஸ்ஸில் லக்கேஜ் போட்டுக் கொண்டுவந்தேன்.
கோயில் வேலைக்கா என்றார் கண்டக்டர்.
எலிக்குங்க என்றேன்.
மிச்சச் சில்லறையைக் கொடுக்கும்போதுகூட
முகம் பார்க்கவில்லை.

ஒரு சாண் மண்.
தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொண்டது.
அன்றைக்கும் கோடு குறையவில்லை.

சோளக்கதிர் தொங்கவிட்டோம், தின்றது.
வேலங்குச்சி போட்டோம், பல் தேய்த்துக்கொண்டது.
மைனாவதி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த
பனியன் வேஸ்ட்டு ஒரு பை,
எந்த நாட்டுக் குழந்தைக்கோ வெட்டியதில் விழுந்த
நீலக் கழுத்துத் துண்டுகள்.
நூல் நூலாகப் பிரித்து மெத்தை செய்தது.
செய்துவிட்டு, அதில் படுக்காமல்
மூலைக்குப் போனது.

போர் மோட்டார் மாற்றியபோது மிஞ்சிய பைப்பில்
ஒரு முழம் அறுத்து மண்ணுக்குள் புதைத்துப் பார்த்தோம்.
அந்தக் கடைசியில் கவிழ்த்த மண்சட்டி.
உள்ளே போனது,
சட்டியிலிருந்து திரும்பிப் பார்த்தது.
பைப்பின் வாயில் டியூப்லைட் அப்படியே தெரிந்திருக்கும்.
வெளியே வந்துவிட்டது.

பிளம்பர் பையில் ஒரே ஒரு எல்போ கிடந்தது.
பைப்பை நடுவில் வெட்டி, அதை மாட்டி
ஒரு திருப்பம் வைத்தேன்.

பத்து நாற்பதுக்கு நுழைந்தது.
வால்நுனியின் குஞ்சம்
வளைவில் ஒருமுறை தட்டி மறைந்தது.
பிறகு நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மேடம் வெற்றுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தூங்கிட்டயா?
இல்லீங்க, ஒண்ணுமே நடக்கலீங்க.

தோண்ட அல்ல அது தோண்டியது.
போய்ச் சேர.

நல்லது என்றார் மேடம்.
பதறுகிற எலி கணக்கைக் கெடுத்துவிடும்,
சித்திரையில் மருந்து வைக்கிறோம் இல்லையா.
பதினெட்டு எல்போவுக்குப் பில் வாங்கி வா.

வாங்கினேன்.
கடைக்காரர் ஜிஎஸ்டி நம்பர் கேட்டார்,
வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் லைன் வீடு ஒரே அறை.
கதவைத் திறந்தால் அடுப்பு, பாய்,
எதிர்ச்சுவரில் கேலண்டர் தேதி வரை
தெருவில் போகிறவருக்குத் தெரியும்.
போன ஐப்பசியில் மைனாவதி
பீரோவை இழுத்துக் குறுக்கே போட்டிருந்தாள்.
நடக்க இடமில்லாமல் இது என்ன கோணல் என்று
நேராக்கி வைத்தவன் நான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று முதல் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள்.

இன்று நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து
பீரோவின் ஒரு காலைத் தூக்கினேன்.
இரும்பு சிமெண்ட்டில் கிறீச்சிட
பக்கத்து வீட்டில் யாரோ எழுந்து இருமினார்கள்.

பதினோராம் நம்பர் இப்போது
வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன செய்கிறதோ.
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
சித்திரைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.